யாருடைய செயல்திட்டம்?

நுழையும்முன்

பள்ளியில் செய்யும் செயல்திட்டங்கள் பலவும் மதிப்பெண் பெற்ற அன்றே முடிந்துவிடுகின்றன. சில மட்டும் செய்தவர் மனத்தில் நெடுநாள் தங்குகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? செயல்திட்டத்தின் குறிக்கோளை ஆசிரியர் மட்டும் வகுக்கும்போது என்ன நேர்கிறது? மாணவரும் சேர்ந்து வகுக்கும்போது என்ன மாறுகிறது? தென்காசியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம் மாணவரிடமிருந்து இதற்கான விடையைக் கற்றுக்கொண்ட வரலாறே இக்கட்டுரை.

எங்கள் வகுப்பறையின் ஒரு பக்கச் சாளரத்தில் தென்காசிக் கோபுரம் தெரியும். மறுபக்கச் சாளரத்தில் மலை தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று, சாரலை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்கும். ஏடுகள் நனையாதிருக்க மலைப்பக்கச் சாளரத்தைச் சாத்துவோம். வெளிச்சம் போதாமல் மறுபடியும் திறப்போம். பாடமும் சாரலுமாக அந்த மாதங்கள் கழியும்.

அந்தப் பருவத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் ஒரு செயல்திட்டம் கொடுத்துவந்தேன். 'சிற்றாறும் சிற்றிலக்கியமும்' என்பது அதன் தலைப்பு. அத்தலைப்பில் எனக்குப் பெருமிதம் உண்டு. திரிகூடமலையில் தோன்றி, குற்றாலத்தில் அருவியாய் விழுந்து, தென்காசியைக் கடந்து ஓடும் சிற்றாறு, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஆறு பிறக்கும் மலையைப் பாடியது திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. ஆறு கலக்கும் இடத்தைப் பாடியது முக்கூடற்பள்ளு. ஓர் ஆற்றின் தலையில் ஒரு குறவஞ்சியும் கடையில் ஒரு பள்ளும் அமைந்திருப்பது எத்தனை அழகான செய்தி! மாணவர்கள் இதில் மூழ்கி முத்தெடுப்பார்கள் என்று நம்பினேன்.

அவர்கள் எடுத்துவந்தவை முத்துகள் அல்ல. எழுதுபொருள் கடையில் விற்கும் ஒரே அருவிப் படம் எல்லா ஏடுகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரே பத்தி எல்லா ஏடுகளிலும் இருந்தது. அந்தப் பத்தியிலிருந்த எழுத்துப்பிழைகூட மாறாமல் வந்திருந்தது. தலைப்பு மட்டும் ஒவ்வொருவரின் கைவண்ணத்தில் மின்னியது. நான் சரிபார்த்தேன், கையொப்பமிட்டேன், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றினேன். ஏடுகள் நிலைப்பேழைக்குள் சென்றன. அடுத்த ஆண்டு ஏடுகளுக்கு இடம் வேண்டும்போது அவை வெளியேறின.

ஓராண்டில் ஒரு மாணவன் ஏட்டை ஒப்படைக்கவே இல்லை. பழைய குற்றாலத்தருகே அவன் குடும்பத்துக்கு ஒரு பழக்கடை இருந்தது. மங்குஸ்தானும் ரம்புத்தானும் விற்பனையாகும் சாரல் பருவத்தில் அவன் பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டான். 'ஒப்படைக்கவில்லை' என்று எழுதி அவனுக்குச் சுழியம் இட்டேன். அருவியைப் பற்றிய செயல்திட்டத்தில், அருவிக்கரையிலேயே வாழ்ந்த ஒருவனுக்கு நான் இட்ட மதிப்பெண் அது. அதிலிருந்த முரண் அன்று எனக்குப் புலப்படவில்லை.

படித்த பிறகு?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம். வழக்கம்போல் அதே தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்தான். சுழியம் வாங்கியவனின் தம்பி அவன்.

"ஐயா, இத யாரு படிப்பாங்க?"

"நான் படிப்பேன்."

"நீங்க படிச்ச பிறகு?"

அவன் குரலில் குறும்பு இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். என் பார்வை என்னையறியாமல் நிலைப்பேழையின் பக்கம் சென்றது. மாணவர்கள் என் பார்வையைத் தொடர்ந்தார்கள். விடை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

அன்று மாலை வீட்டில், இளங்கல்வியியல் படித்த நாள்களின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். குறிக்கோள் வகுத்தல், திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல் என்னும் நான்கு படிகளை அவர் கூறுகிறார். தேர்வுக்காக இந்நான்கையும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால், அந்த முதற்படியில் ஏறவேண்டியவர் யார் என்பதை நான் கவனித்ததே இல்லை. குறிக்கோளை வகுக்க வேண்டியவர் மாணவர் என்பதே கில்பாட்ரிக்கின் கருத்து. என் வகுப்பில் முதற்படியிலும் நான்காம் படியிலும் நானே நின்றேன். இடையிலிருந்த இரண்டு படிகளை மட்டும் மாணவர்களுக்கு விட்டிருந்தேன்.

கில்பாட்ரிக்கின் ஆசான் ஜான் டூயி. 'அனுபவமும் கல்வியும்' என்னும் பொருளில் 1938இல் வெளிவந்த தம் நூலில், கற்பவர் தம் கல்வியின் நோக்கத்தை வகுப்பதில் பங்குபெற வேண்டும் என்பதை அவர் வலியுறுத்துகிறார். பிறருடைய நோக்கத்தை நிறைவேற்றுபவனையே அடிமை என்று பிளேட்டோ குறித்ததையும் அங்கே நினைவூட்டுகிறார். அந்த இடத்தைப் படித்தபோது, ஒட்டப்பட்ட அருவிப் படங்கள் எல்லாம் என் கண்முன் வந்தன.

கண்முன் இருந்த வேர்

மறுநாள் வகுப்பில் தலைப்பை அழித்தேன். "சிற்றாற்றைப் பற்றி நாம் ஒரு பணி செய்யப் போகிறோம். எதற்காகச் செய்வது என்பதை நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. சற்று நேரம் கழித்து, "நீங்களே சொல்லிருங்க ஐயா" என்றது ஒரு குரல். பலரும் தலையசைத்தார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பின்னர்தான் புரிந்தது. பத்தாண்டுக்கு மேலாகப் பள்ளிக்கு வந்தவர்களிடம் 'எதற்காக' என்று எவரும் கேட்டதில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடை சொல்லும் பழக்கம் ஒரே நாளில் வராது. 'உங்கள் விருப்பம்' என்று சொல்லி ஆசிரியர் விலகிக்கொள்வதும் ஒருவகையில் கைவிடுதலே.

ஆகவே, கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன்: யாருக்காகச் செய்கிறோம்? எது மாற வேண்டும்? மாறியது என்பதை எப்படி அறிவோம்? நால்வர் ஐவராகக் கூடிப் பேசச் சொன்னேன்.

இப்படிக் குழுவாக வினாவைத் தேடுவது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், தமக்குத் தரப்படும் பொதுக் கருப்பொருளுக்குள் தம் ஊரின் சிக்கல் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்து ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. கிணற்று நீரும் தெருக் குப்பையும் அங்கே ஆய்வுப் பொருள்கள் ஆயின. ஆய்வின் வேர் பிள்ளைகளின் கண்முன்னேயே இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

எங்கள் வகுப்பிலும் வேர் கண்முன்னேதான் இருந்தது. அதைத் தொட எல்லாரும் தயங்கினார்கள். இறுதியில் ஒரு மாணவிதான் சொன்னாள். "லீவுல பழைய குற்றாலத்துல நடந்தத எழுதலாமா ஐயா?"

அவ்வாண்டு மே 17ஆம் நாள் பிற்பகலில், பழைய குற்றால அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். எங்கள் மாணவர்களின் வயதொத்த ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். ஊர் முழுவதும் கைப்பேசியில் கண்ட காட்சி அது. நானும் கண்டிருந்தேன். கண்டபின்னும், அதே அருவிகளின் அழகைப் பாடிய இலக்கியங்களைத் தொகுக்கச் சொல்லி வகுப்பில் நின்றிருக்கிறேன்!

சிறுத்துக் கூர்மையான குறிக்கோள்

முதலில் அவர்கள் எழுதிய குறிக்கோள் 'குற்றாலத்தில் இனி ஓர் உயிரும் போகக் கூடாது' என்பது. உயர்ந்த எண்ணம், ஆயினும் ஒரு வகுப்பின் தோளுக்கு அது தாங்காது. அருவிகளில் குளிக்கத் தடை விதிப்பதும் நீக்குவதும் அரசின் பொறுப்பு. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டினால் குளிக்க விடமாட்டார்கள் என்பது ஊரறிந்தது. நம்மால் ஆவது என்ன? மூன்று வினாக்களுக்குத் திரும்பினோம்.

யாருக்காக? வெளியூரிலிருந்து முதன்முறையாக வருபவருக்காக. எது மாற வேண்டும்? வெள்ளம் வருவதற்கான அறிகுறியைக் கண்டதும் அவர் கரையேற வேண்டும். எப்படி அறிவோம்? இங்கே விவாதம் நீண்டது. கடைசி இருக்கை மாணவன் ஒரு வழி சொன்னான். "ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டணும். அவரு அதத் திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா நாமதான் சரியா எழுதல."

அந்த வாக்கியத்தால் மதிப்பிடும் கோல் என் கையிலிருந்து நழுவியது. எழுத்தின் தரத்தை ஆசிரியர் அளப்பதற்கு மாறாக, படிப்பவர் அளப்பது என்று முடிவாயிற்று. ஒரே கைத்தாள், நான்கைந்து வாக்கியங்கள். முதலில் எழுதிய குறிக்கோளைவிட இது மிகச் சிறியது. ஆனால், எங்கள் கைக்கு எட்டக்கூடியது.

சில செய்திகளில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எவரும் நீரருகே செல்லக் கூடாது. பெற்றோரும் தலைமையாசிரியரும் ஒப்புதல் தரவேண்டும். இது தமிழ் வகுப்பின் பணி. ஆகவே, மொழியைக் கற்காமல் இது முடியக் கூடாது. எதைப் பேசி முடிவெடுக்கலாம், எதைப் பேச இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னதால் பிணக்கு வரவில்லை.

அண்ணன் வந்த நாள்

வெள்ளத்தின் அறிகுறிகளை யாரிடம் கேட்பது? "எங்க அண்ணனக் கூட்டிட்டு வரட்டுமா ஐயா?" என்றான் கடைசி இருக்கை மாணவன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கூட்டம் குறைந்த ஒரு நாளில் அண்ணன் வந்தான். தான் முன்பு அமர்ந்திருந்த இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரும்பலகையருகே நின்றான். முதலில் சொல் வரவில்லை. பின்னர் அருவி பேசுவதுபோல் பேசினான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கும். ஆகவே வெயிலை நம்பக் கூடாது. மலையுச்சியை மேகம் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகும். சருகும் சுள்ளியும் சேர்ந்து வரும். இரைச்சலின் குரல் மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அவன் குடும்பத்தார் கடையிலிருந்தே கூவிக் குளிப்பவர்களைக் கரையேறச் சொல்வார்களாம்.

மாணவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நானும் எழுதினேன். அவன் விடைபெற்றபோது, "அப்போது உனக்கு நான் சரியான வினாவைக் கேட்கவில்லை, தம்பி" என்றேன். அவன் சிரித்தான். "எனக்கும் அப்ப எழுதத் தோணல ஐயா" என்றான். அவன் பெருந்தன்மை அது.

கூறியது கூறல்

கைத்தாளின் முதல் வரைவை நானே எழுதித் தந்தேன். ஆசிரியருக்கு அந்த ஆசை அவ்வளவு எளிதில் போகாது. 'மலைப்பகுதியில் பெய்யும் மழையினால் அருவியின் நீர்வரத்து திடீரென உயரக்கூடும் என்பதால், பொதுமக்கள் மிகுந்த விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இலக்கணப் பிழை ஏதுமில்லை.

பேருந்து நிலையத்தில் காத்திருந்தவர்களிடம் மாணவர்கள் அதை வாசித்துக் காட்டினார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். "கவனமா இருக்கணும்னு சொல்றீங்க" என்றார் ஒரு பெரியவர். "என்ன செய்யணும்னு புரிஞ்சுதா தாத்தா?" என்று மாணவி கேட்டாள். "அதத்தான் நீங்க சொல்லலையே, தாயி" என்றார் அவர்.

வகுப்புக்குத் திரும்பி அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தோம். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது செயப்பாட்டு வினை. யார் கேட்கிறார் என்பது அதில் இல்லை. யார் ஓடவேண்டும் என்பதும் தெளிவாக இல்லை. "ஏவல் வினை போடுவோம் ஐயா" என்றார்கள். செய்வினையும் செயப்பாட்டு வினையும் அவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்தே படித்தவைதான். ஆனால், எதற்காக அவை வேறுபடுகின்றன என்பதை அன்றுதான் கண்டார்கள்.

பல வரைவுகளுக்குப் பின் இப்படி வந்தது:

தண்ணீர் கலங்கினால் கரையேறுங்கள்.
சருகும் சுள்ளியும் வந்தால் கரையேறுங்கள்.
இரைச்சல் கூடினால் கரையேறுங்கள்.
காவலர் சொன்னால் கரையேறுங்கள்.
பையை விடுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள்.

"ஒரே சொல் நான்கு முறை வருகிறதே! நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று" என்றேன். அந்த மாணவி எழுந்தாள். "பயந்து நிக்கிறவங்களுக்கு ஒரு சொல்லுதான் ஞாபகம் இருக்கும் ஐயா. அந்தச் சொல்லு இதுவா இருக்கட்டும்." மறுபடியும் பேருந்து நிலையம். இம்முறை ஒரு சிறுமி, தாயின் இடுப்பிலிருந்தபடியே 'கரையேறுங்கள்' என்று திருப்பிச் சொன்னாள். என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கைத்தாளைப் படியெடுத்துப் பழக்கடைகளில் தொங்கவிட்டார்கள். அது எவரையேனும் காத்ததா என்று எங்களால் சொல்ல இயலாது. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஆனால், ஒரு செய்தியை உறுதியாகச் சொல்வேன். அவ்வாண்டு எந்த ஏட்டிலும் இணையத்துப் பத்தி இல்லை. படியெடுக்க வேறெங்கும் அப்படியொரு பத்தி இருந்ததில்லை என்பது ஒரு காரணம். தாம் சொல்ல வந்ததைப் பிறர் சொற்களால் சொல்ல அவர்களுக்கு மனமில்லை என்பதே பெரிய காரணம். நான் விரும்பிய இலக்கியமும் பின்வாசல் வழியே வந்தது. ஆற்றின் இரைச்சலைப் புலவர்கள் எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று அறிய, குறவஞ்சியையும் பள்ளையும் அவர்களே நூலகத்தில் தேடி எடுத்தார்கள்.

கோபுரம் சொல்வது

அடுத்த ஆண்டு புதிய வகுப்பு வந்தது. சென்ற ஆண்டுக் கைத்தாளைக் காட்டி, "இதையே தொடர்வோமா?" என்றேன். அவர்கள் அதை ஏற்கவில்லை. "செங்கோட்டை வழியா வர்றவங்கள்ல பாதிப்பேரு மலையாளம்தான் ஐயா பேசுவாங்க. இத அவங்க எப்படிப் படிப்பாங்க?" என்று கேட்டார்கள். நான் நினையாத குறிக்கோள் அது. மலையாளம் எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர் ஒருவரைத் தேடி அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

அன்று மறுபக்கச் சாளரத்தில் கோபுரத்தைப் பார்த்தேன். 1446ஆம் ஆண்டில் இக்கோவிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், கல்லில் ஒரு வேண்டுகோளைப் பொறித்து வைத்திருக்கிறான். காலத்தால் இக்கோவிலுக்குக் குறை நேருமானால், அதைத் திருத்திக் காப்பவரின் அடிகளில் தான் வீழ்ந்து பணிவதாக அதில் கூறுகிறான். பெற்ற வெற்றிகளையும் கொடுத்த கொடைகளையும் கல்லில் வெட்டுவதே மன்னர் வழக்கம். இவனோ தன் குறிக்கோளைப் பின்வருவோர் கையில் கொடுத்து, அவர்களைத் தொழுகிறான். நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம், 1990இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. எழுப்பியவர்கள் அவன் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவன் குறிக்கோளைத் தமதாக ஏற்றவர்கள்.

மாணவர்களே! உங்கள் ஆசிரியர் உங்களுக்கு ஒரு செயல்திட்டம் தரும்போது, இது யாருக்காக என்று பணிவோடு கேளுங்கள். அவர் உடனே விடை சொல்லாமல் நிலைப்பேழையைப் பார்க்கக்கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். அதன்பின் அவர், "நீங்கள் சொல்லுங்கள்" என்று உங்கள் பக்கம் திரும்பும்போது, சொல்வதற்கு உங்களிடம் ஒரு விடை இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நீங்கள் அன்றாடம் காணும் சிக்கல் ஒன்றைக் குழுவாகத் தேர்ந்தெடுத்து, இப்பாடத்தில் வரும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக. அவ்விடைகளிலிருந்து செயல்திட்டக் குறிக்கோள் ஒன்றை ஒரே வாக்கியத்தில் வடிவமைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. பொது இடங்களில் காணப்படும் அறிவிப்புப் பலகைகளின் வாசகங்களைத் தொகுத்து, அவற்றில் செயப்பாட்டு வினையில் அமைந்தவற்றை ஏவல் வினைக்கு மாற்றுக. எது எளிதில் புரிகிறது என்பதைப் பிறருக்கு வாசித்துக் காட்டி அறிக.

3. 'கூறியது கூறல் எல்லா இடத்திலும் குற்றமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.